ஆந்த்ரேயாஸ் சிங்ரோஸ்: கிரேக்க வங்கியாளரைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏதென்ஸ் நகர மையத்திலிருந்து கடலை நோக்கிப் போகும் அகலமான சாலைக்கு அவர் பெயர். அந்த வழியில் இருக்கும் மெட்ரோ நிலையத்திலும் அவர் பெயர் உண்டு. தோல் நோய்களுக்கென்றே இருக்கும் பெரிய மருத்துவமனைக்கும் அதே பெயர்தான். கிரேக்கர்கள் ஆந்த்ரேயாஸ் சிங்ரோஸை நாட்டின் பெருங்கொடையாளர்கள் வரிசையில் வைக்கிறார்கள். அதே கிரேக்கர்கள், நாட்டின் முதல் பங்குச்சந்தை வீழ்ச்சியைப் பற்றிப் பேசும்போதும் அவர் பெயரைத்தான் முதலில் சொல்கிறார்கள். இரண்டையும் சேர்த்துத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்களுக்காக இந்தப் பக்கம்.

சுருக்கமாகச் சொல்லுங்கள், யார் இந்தச் சிங்ரோஸ்?

1830இல் ஒட்டோமான் பேரரசின் தலைநகரான கான்ஸ்டான்டினோபிளில், அதாவது இன்றைய இஸ்தான்புல்லில் பிறந்தவர். பதின்ம வயதிலேயே ஒரு வணிக நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். நாற்பது வயதுக்குள் சுல்தானின் கஜானாவுக்கே கடன் கொடுக்கும் வங்கியாளர் ஆகிவிட்டார். 1870களின் தொடக்கத்தில் ஏதென்ஸில் குடியேறி வங்கிகள் தொடங்கினார், சுரங்கம் வாங்கினார், நிலம் வாங்கினார், நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார், நின்றுபோன கால்வாய் வேலையை எடுத்து முடித்தார். 1899 பிப்ரவரியில் காலமானபோது சொத்தில் பெரும்பகுதி பொதுக் காரியங்களுக்கும் மனைவி இஃபிகேனியாவின் பொறுப்புக்கும் போயிற்று.

கிரேக்கர் என்கிறீர்கள். துருக்கியரின் தலைநகரில் எப்படிப் பிறந்தார்?

அந்தக் காலத்தில் கிரேக்கர்களில் பெரும்பாலோர் கிரேக்க நாட்டுக்கு வெளியேதான் வாழ்ந்தார்கள். சிங்ரோஸ் பிறந்த அதே 1830இல்தான் கிரேக்கம் தனி நாடாக அங்கீகரிக்கப்பட்டது. அதுவும் மிகச் சிறிய நாடாக.

குடும்பத்தின் பூர்வீகம் கியோஸ் தீவு. 1822இல் அங்கே நடந்த படுகொலையைப் பற்றிச் சொல்லாமல் சிங்ரோஸின் கதையைச் சொல்ல முடியாது. விடுதலைப் போரின்போது சுல்தானின் படைகள் அந்தத் தீவில் இறங்கி ஆயிரமாயிரம் பேரைக் கொன்றன. ஆயிரமாயிரம் பேர் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். தப்பித்தவர்கள் சீரோஸ், திரியெஸ்தே, மார்செய், லண்டன் என்று சிதறினார்கள். அவர்கள் கையில் நிலம் இல்லை, வணிக அனுபவமும் உறவுக்காரர்களின் வலையும் மட்டும் இருந்தன. எந்தத் துறைமுகத்திலும் ஒரு கியோஸ்காரர் இன்னொரு கியோஸ்காரருக்குக் கடன் கொடுப்பார், சரக்கு அனுப்புவார், பெண் கொடுப்பார். நம் பக்கத்து வாசகர்கள் கேள்விப்பட்டிருக்கக்கூடிய ராலி சகோதரர்கள் நிறுவனமும் இந்தக் கியோஸ் வலையிலிருந்து வந்ததுதான். லண்டனைத் தலைமையிடமாகக் கொண்டு, கல்கத்தாவிலும் பம்பாயிலும் சணலும் பருத்தியும் வாங்கி ஐரோப்பாவுக்கு அனுப்பியவர்கள் அவர்கள்.

சிங்ரோஸின் தந்தை ஒரு மருத்துவர், படுகொலையில் உயிர் பிழைத்தவர். மகன் பிறந்தபின் குடும்பம் ஆந்த்ரோஸ் தீவுக்கு வந்தது. சிறுவன் அங்கேயும், பின்பு சீரோஸ் தீவின் எர்மூப்பொலியிலும் படித்தான். எர்மூப்பொலி அகதிகள் கட்டி எழுப்பிய ஊர். அன்றைய கிரேக்கத்தின் முதன்மைத் துறைமுகமாக வளர்ந்த ஊரும் அதுதான். வியாபாரம் கற்க அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடைத்திருக்காது.

சுல்தானுக்கே கடன் கொடுத்தார் என்றால், அது எப்படி நடந்தது?

படித்து முடித்ததும் 1845 வாக்கில் கான்ஸ்டான்டினோபிளுக்குத் திரும்பி வணிக நிறுவனத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். படிப்படியாகப் பங்காளி ஆனார், அப்புறம் ‘சிங்ரோஸ், கொரோனியோஸ்’ என்ற கூட்டு நிறுவனத்தின் தலைவர்களில் ஒருவரானார். அவர்களின் களம் கலாத்தா. தங்கக் கொம்பு நீர்முகத்தின் வடகரையில் இருக்கும் அந்தப் பகுதியில் கிரேக்க, ஆர்மீனிய, யூத வங்கியாளர்கள் வரிசையாகக் கடை வைத்திருந்தார்கள். ஸாரிஃபிஸ், ஸோக்ராஃபோஸ், கமோண்டோ போன்றவர்கள் அங்கே பெரும் புள்ளிகள்.

ஒட்டோமான் அரசுக்குப் பண முடை ஓயவே இல்லை. கிரிமியப் போர் நடந்துகொண்டிருந்த 1854இல் அது முதன்முதலாக வெளிநாட்டில் கடன் வாங்கியது. அதற்கப்புறம் கடனை அடைக்கக் கடன் என்ற நிலைதான். பெரிய கடன்கள் லண்டனிலும் பாரிஸிலும் பத்திரங்களாக விற்கப்பட்டன. அந்தப் பணம் வந்து சேர மாதங்கள் ஆகும். படைவீரர்களின் சம்பளமோ காத்திருக்காது. சம்பளத் தேதி வரை தாக்குப்பிடிக்கக் கைமாற்று வாங்குகிற குடும்பம்போல அரசு கலாத்தாவுக்கு ஆளனுப்பும். வங்கியாளர் சில மாதத் தவணையில் முன்பணம் கொடுப்பார். பிணையாக ஒரு மாகாணத்தின் வரி, ஆடுகள் மீதான வரி, சுங்க வருமானம் என்று ஏதாவது எழுதித் தரப்படும். ஐரோப்பாவில் மலிவான வட்டிக்குத் திரட்டிய பணத்தை இங்கே ஆண்டுக்குப் பத்து, பன்னிரண்டு சதவீதத்துக்கும் மேலே கொடுக்கலாம். இடையில் இருக்கும் வித்தியாசம்தான் சிங்ரோஸின் செல்வம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த வட்டியைக் கடைசியில் கட்டியவர் சுல்தான் இல்லை. விளைச்சலில் பங்கை வரியாகக் கொடுத்த அனத்தோலியாவின், அதாவது இன்றைய துருக்கியின் ஆசியப் பகுதியின் விவசாயிகளும், பால்கன் கிராமங்களின் விவசாயிகளும் கட்டினார்கள். அவர்களில் கிரேக்கர்களும் உண்டு. 1873, 74இல் அனத்தோலியாவில் கொடிய பஞ்சம் வந்தது, வரி வருமானம் விழுந்தது. 1875இல் அரசு கடனை முழுதாகக் கட்ட முடியாது என்று அறிவித்தது. அதற்குள் சிங்ரோஸ் ஏதென்ஸில் குடியேறிவிட்டார். 1872இல் அவரும் கூட்டாளிகளும் தொடங்கிய கான்ஸ்டான்டினோபிள் வங்கி மட்டும் அங்கே தொடர்ந்து இயங்கியது.

ஏன் ஏதென்ஸுக்கு வந்தார்?

இளம் நாட்டில் முதலீட்டுக்குப் பஞ்சம், வெளிநாட்டில் பணம் சேர்த்த கிரேக்கருக்கு அங்கே ராஜ மரியாதை. அரண்மனைக்கு எதிரிலேயே அவருக்கு மாளிகை எழுந்தது. அந்த அரண்மனை இன்று நாடாளுமன்றம். மாளிகை வெளியுறவு அமைச்சகமாக இருக்கிறது. வந்த கையோடு பொதுக் கடன் வங்கியைத் தொடங்கினார். ஆனால் ஏதென்ஸ் அவரை முதன்முதலாக நெருக்கத்தில் பார்த்தது வேறொரு விஷயத்தில்.

லாவ்ரியோன் விவகாரம் என்பது என்ன? அவர் மக்களை ஏமாற்றினாரா?

இந்தப் பக்கத்தில் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஏதென்ஸுக்குத் தென்கிழக்கே, கடலோரத்தில் இருக்கிறது லாவ்ரியோன். பழங்கால ஏதென்ஸின் வெள்ளிச் சுரங்கங்கள் அங்கேதான் இருந்தன. சலாமிஸ் போரில் பாரசீகரை வென்ற கப்பல்களை அந்த வெள்ளிதான் கட்டியது. பழங்காலத்தார் வெள்ளியை உருக்கி எடுத்தபின் கொட்டிவிட்டுப் போன கசடு மலைமலையாகக் கிடந்தது. அதில் இன்னும் ஈயமும் கொஞ்சம் வெள்ளியும் மிச்சம் இருந்தன. 1864இல் செர்பியேரி என்ற இத்தாலியரும் ரூ என்ற பிரெஞ்சுக்காரரும் அந்தக் கசடை மறுபடி உருக்க ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். நல்ல லாபம் வந்தது. கசடை மட்டும் உருக்காமல், பழங்காலச் சுரங்கத்தார் தரம் குறைந்தது என்று ஒதுக்கிய மண்ணையும் அவர்கள் எடுக்கத் தொடங்கியபோது தகராறு ஆரம்பித்தது. அந்த மண் நாட்டுக்குச் சொந்தம் என்று 1871இல் கிரேக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டது. பிரான்சும் இத்தாலியும் தங்கள் குடிமக்களுக்காக நெருக்கடி கொடுத்தன. இதற்கிடையே ஊரில் ஒரு வதந்தி: அந்த மண்ணில் தங்கம் இருக்கிறதாம், நாட்டின் கடனையெல்லாம் அடைத்துவிடலாமாம்.

பிரதமர் தெலியெயொர்கிஸுக்கு வழி தெரியவில்லை. அப்போதுதான் சிங்ரோஸ் வந்தார். 1873இல் அவருடைய வங்கிக் குழு அந்த வெளிநாட்டு நிறுவனத்தை 1 கோடியே 15 லட்சம் பிராங்குக்கு வாங்கியது. ராஜதந்திரச் சிக்கல் தீர்ந்தது, எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்து ஒரு புதிய கிரேக்க நிறுவனம் அமைத்து 2 கோடி திராக்மா முதலுக்குப் பங்குகளை வெளியிட்டார்கள். ஒரு பங்கு 200 திராக்மா.

அப்போது ஏதென்ஸில் முறையான பங்குச்சந்தை என்று ஒன்று கிடையாது. எர்மூ தெருவும் எயோலூ தெருவும் சந்திக்கும் மூலையில் ‘அழகிய கிரேக்கம்’ என்ற காபிக் கடை இருந்தது. அரசியல் பேச வருகிறவர்களின் கூடாரம் அது. லாவ்ரியோன் பங்குகள் அங்கேதான் கைமாறின. பங்கு என்றால் என்னவென்று அதுவரை அறியாதவர்கள், நகையை விற்றும் கடன் வாங்கியும் காகிதத்தை வாங்கினார்கள். விலை 300 திராக்மாவைத் தாண்டியது. பிறகு, மண்ணில் தங்கம் இல்லை, இருக்கும் ஈயத்தையும் நினைத்த அளவுக்கு எடுக்க முடியாது என்பது தெரியத் தெரிய, விலை வெளியீட்டு விலைக்கும் கீழே சரிந்தது. கடைசியாக வாங்கியவர்கள் மாட்டிக்கொண்டார்கள். கடைசியாக வாங்கியவர்கள் யார்? சிறு வியாபாரிகள், அரசு ஊழியர்கள், சேமிப்பு வைத்திருந்த குடும்பங்கள். ஆரம்பத்திலேயே கையில் பங்கு வைத்திருந்தவர்கள் உச்சியில் விற்றுவிட்டார்கள் என்று ஊரே பேசியது.

சிங்ரோஸ் எந்த நீதிமன்றத்திலும் தண்டிக்கப்படவில்லை. சுரங்க நிறுவனமும் போலி இல்லை, அப்புறம் பல ஆண்டுகள் உலையை மூட்டி ஈயம் எடுத்தது. தங்கம் இருப்பதாக அவர் எழுதிக் கொடுத்ததும் இல்லை. ஆனால் வதந்தி ஊரில் ஓடிக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. அதை மறுத்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நிறைய வீடுகள் பிழைத்திருக்கும். என் பார்வையில் அவர் மீதான கனமான குற்றச்சாட்டு அதுதான். ஏதென்ஸ் பங்குச்சந்தை முறையாக நிறுவப்பட்டது இதற்கெல்லாம் பிறகு, 1876இல்.

தெஸ்ஸாலியில் நிலம் வாங்கியதைப் பற்றியும் விமர்சனம் உண்டே?

உண்டு. 1881இல் தெஸ்ஸாலிச் சமவெளி ஒட்டோமான்களிடமிருந்து கிரேக்கத்துக்கு வந்தது. கோதுமை விளையும் பூமி. துருக்கிய ஜமீன்தார்கள் தங்கள் பெருநிலங்களை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள், அவற்றை வாங்கியவர்கள் வெளிநாட்டில் பணம் சேர்த்த கிரேக்கர்கள். சிங்ரோஸும் அவர்களில் ஒருவர். விடுதலை வந்தால் நிலம் நமக்கு என்று நம்பியிருந்த வாரக்காரர்களுக்கு ஜமீன்தாரின் பெயர்தான் மாறியது. தலைமுறை தலைமுறையாக உழுத நிலத்தில் இருக்க அவர்களுக்கு முன்பிருந்த வழக்காற்று உரிமைகூடப் போயிற்று, ஏனென்றால் புதிய சட்டத்தில் நிலம் முழுக்க முழுக்க உடைமையாளருக்கே. அந்தக் கோபம் 1910இல் தெஸ்ஸாலியின் கிலெலேரில் வெடித்தது, துப்பாக்கிச் சூட்டில் விவசாயிகள் செத்தார்கள். அப்போது சிங்ரோஸ் உயிரோடு இல்லை.

1882இல் அவர் தொடங்கிய எபிரோஸ் தெஸ்ஸாலி வங்கிக்கு, புதிதாகச் சேர்ந்த பகுதிகளில் பணத்தாள் அச்சடிக்கும் உரிமையும் இருந்தது. 1899இல் அதைத் தேசிய வங்கி எடுத்துக்கொண்டது.

கொரிந்து கால்வாயை வெட்டியவர் அவரா?

தொடங்கியவர் அவர் இல்லை, முடித்தவர் அவர். பைபிளில் நமக்குத் தெரிந்த அதே கொரிந்துதான். பெலொப்பொனீஸ் தீபகற்பத்தைச் சுற்றிக்கொண்டு போகாமல் கப்பல்கள் நேரே கடக்க, நிலஇடுக்கை வெட்டும் யோசனை மிகப் பழையது. ரோமப் பேரரசர் நீரோ கி.பி. 67இல் வெட்டத் தொடங்கி நின்றுபோனது. 1882இல் ஹங்கேரியத் தளபதி இஷ்த்வான் துர் மறுபடி தொடங்கினார். 1890இல் அவருடைய நிறுவனம் பணமின்றி நொடித்தது. சிங்ரோஸ் ஒரு கிரேக்க நிறுவனத்தை அமைத்து வேலையை எடுத்துக்கொண்டார். 1893இல் கால்வாய் திறக்கப்பட்டது. ஆறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளம், இருபுறமும் செங்குத்துப் பாறைச் சுவர்.

லாபம் வந்ததா என்றால், இல்லை. கால்வாய் குறுகல், நீரோட்டம் பலம், சுவர் அடிக்கடி சரியும். பெரிய கப்பல் நிறுவனங்கள் சுற்றுவழியிலேயே போயின. கால்வாய் திறந்த அதே ஆண்டின் டிசம்பரில் கிரேக்க அரசே திவால் என்று அறிவித்தது. பிரதமர் திரிகூப்பிஸ் காலத்தில் ரயிலுக்கும் சாலைக்கும் வாங்கிய கடன் அப்படி ஏறியிருந்தது.

சரி, கொடைகள் எவை?

எல்லாவற்றையும் எழுதினால் பக்கம் போதாது. எனக்கு முக்கியமாகப் படுகிறவற்றைச் சொல்கிறேன்.

ஒலிம்பியாவில் ஜெர்மானியர்கள் 1875 முதல் 1881 வரை அகழ்ந்தார்கள். கிடைத்த சிலைகள் கிரேக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். வைக்கத்தான் இடமில்லை. 1888இல் சிங்ரோஸ் பணத்தில் அங்கேயே அருங்காட்சியகம் எழுந்தது. குழந்தை தியோனிசஸைக் கையில் ஏந்திய ஹெர்மஸ் சிலை உட்பட, தோண்டிய இடத்திலேயே எல்லாம் நின்றன. கிடைத்ததையெல்லாம் தலைநகருக்கு ஏற்றிக்கொண்டு போகாமல் அந்தந்த ஊரிலேயே வைக்கும் வழக்கத்துக்கு இது பெரிய பலம். இன்று அந்தப் பழைய கட்டடத்தில் பண்டைய ஒலிம்பிக் விளையாட்டுகளின் வரலாறு காட்சிக்கு இருக்கிறது. தெல்ஃபியின் முதல் அருங்காட்சியகமும் அவருடைய உயிலில் இருந்த பணத்தில் கட்டி 1903இல் திறந்ததுதான்.

ஏதென்ஸில் பாதியில் நின்ற நகராட்சி அரங்கத்தை எடுத்து, எர்ன்ஸ்ட் சில்லர் என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு 1888இல் முடித்தார். சீமான்களும் சீமாட்டிகளும் இத்தாலிய ஓபரா பார்க்க வந்த அரங்கம். 1922இல் ஆசியா மைனரிலிருந்து, அதாவது அனத்தோலியாவிலிருந்து, லட்சக்கணக்கான கிரேக்க அகதிகள் வந்திறங்கியபோது, அதன் மாடத்து இருக்கை அறைகளில் அறைக்கு ஒரு குடும்பமாகக் குடியேறினார்கள். நாலைந்து அடுக்கு மாடங்களிலும் துணி தொங்க, ஆட்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் அக்காலப் புகைப்படம் புகழ்பெற்றது. கியோஸ் அகதியின் மகன் கட்டி முடித்த கட்டடம் அது. 1940 வாக்கில் இடித்துவிட்டார்கள்.

சிறை கட்டவும் பணம் கொடுத்தார். பழைய மதரசா (இஸ்லாமியப் பள்ளி) ஒன்றைச் சிறையாக்கி ஆட்களை அடைத்து வைத்திருந்த ஊர் அது.

தோல் நோய் மருத்துவமனைக்கு ஏன் இவ்வளவு புகழ்?

அவர் கொடுத்தவற்றில் என்னை மிகவும் தொட்டது இதுதான். உயிலில் அவர் பணம் ஒதுக்கியது பால்வினை நோய்களுக்கும் தோல் நோய்களுக்குமான மருத்துவமனைக்கு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிபிலிஸ் வந்தவருக்கு ஊரில் என்ன மரியாதை இருந்திருக்கும்? வேறு எந்தப் பணக்காரரும் தன் பெயரை அந்த வாசலில் பொறிக்கத் தயங்கியிருப்பார். சிங்ரோஸ் தயங்கவில்லை.

மருத்துவமனை 1910இல் திறந்தது. அதே ஆண்டில்தான் சிபிலிஸுக்கு உண்மையாகவே வேலை செய்த முதல் மருந்தான சால்வர்சான் சந்தைக்கு வந்தது. அதுவரை பாதரசம்தான் வைத்தியம், அது நோயாளியையும் சேர்த்து அரித்தது. ஏதென்ஸ் பல்கலைக்கழகத்தின் தோல் மருத்துவப் பிரிவு இன்றும் அங்கேதான். உள்ளே ஒரு மெழுகு வார்ப்பு அருங்காட்சியகமும் உண்டு. வண்ணப் புகைப்படம் இல்லாத காலத்தில், நோயாளியின் உடம்பிலேயே அச்செடுத்து மெழுகில் வார்த்து, புண்ணின் நிறத்தையும் தீட்டி வைப்பார்கள். ஒரு கன்னம், ஒரு உள்ளங்கை, ஒரு குழந்தையின் நெற்றி என்று ஆயிரத்துக்கும் மேற்பட்டவை கண்ணாடிக்குள் இருக்கின்றன. மாணவர்கள் நோயை அடையாளம் காணக் கற்றது அவற்றைப் பார்த்துத்தான்.

மனைவி இஃபிகேனியாவைப் பற்றி?

மவ்ரொகொர்தாத்தோஸ் என்ற பழைய, பெயர்பெற்ற குடும்பத்துப் பெண். கணவர் போனபின் இருபது ஆண்டுகளுக்கு மேல் அறப்பணிகளை அவர்தான் நடத்தினார். 1921இல் அவர் மறைந்தபோது அரண்மனைக்கு எதிரிலிருந்த மாளிகை அரசுக்குப் போயிற்று. நகருக்கு வடக்கே மரூசியில் இருந்த 200 ஏக்கருக்கும் மேலான தோட்டம் விவசாயக் கல்விக்கு. பைன் மரங்களுக்கு நடுவே சில்லர் கட்டிய கோதிக் பாணித் தேவாலயம் ஒன்று அங்கே இருக்கிறது, ஆர்த்தடாக்ஸ் திருச்சபைக்கு அது அபூர்வம். வீடுகளாக அடைந்துபோன அந்தப் பகுதியில் அவ்வளவு பெரிய காடு மிஞ்சியிருப்பது அந்த அம்மையாரின் உயிலால்.

அவெரொஃப், சினாஸ், சிங்ரோஸ் எல்லாம் ஒருவரா?

வெவ்வேறு ஆட்கள். வெள்ளைப் பளிங்கு ஒலிம்பிக் அரங்கத்துக்கு 1896 போட்டிகளுக்காகப் பணம் கொடுத்தவர் அவெரொஃப், அலெக்சாந்திரியாவில் சம்பாதித்தவர். சினாஸ் குடும்பம் வியன்னாவில் வங்கி நடத்தியது. தந்தை ஏதென்ஸுக்கு வானாய்வகம் தந்தார், மகன் கலைக்கழகக் கட்டடம் தந்தார்.

தப்பான வழியில் வந்த பணம், நல்ல காரியத்தில் போனால் சரியாகிவிடுமா?

ஆகாது என்பதே என் பதில். லாவ்ரியோனில் சேமிப்பை இழந்தவருக்கு ஒலிம்பியா அருங்காட்சியகம் ஈடு இல்லை. தெஸ்ஸாலி வாரக்காரருக்கு ஏதென்ஸ் அரங்கத்தால் ஒரு பயனும் இல்லை. ஆனால் கொடுத்ததை வெறும் பெயருக்குக் கொடுத்ததாகத் தள்ளுவதும் நியாயம் இல்லை. பெயருக்குக் கொடுப்பவர் சிறையையும் பால்வினை நோய் மருத்துவமனையையும் தேர்ந்தெடுக்க மாட்டார். இரண்டு கணக்கையும் தனித்தனியாக எழுத வேண்டும், ஒன்றை வைத்து மற்றதை அடிக்கக் கூடாது.

அவரே தன் வாழ்க்கையை எழுதியிருக்கிறாரா?

எழுதியிருக்கிறார். அவருடைய நினைவுக் குறிப்புகள் இறப்புக்குப் பிறகு, 1908இல் ஏதென்ஸில் வெளிவந்தன. கலாத்தா வங்கியாளர்களின் உலகத்தை உள்ளிருந்து சொல்லும் ஆவணங்கள் குறைவு என்பதால் வரலாற்று ஆய்வாளர்கள் அதைத் தேடிப் படிக்கிறார்கள். லாவ்ரியோன் பற்றி வரும் பகுதியில் அவர் தன் தரப்பைச் சொல்கிறார். அதைப் படிப்பவர்கள், அந்தக் காலத்துச் செய்தித்தாள்கள் அவரை எப்படித் தாக்கின என்பதையும் பக்கத்தில் வைத்துப் படிப்பது நல்லது.